அரும்பு, மொட்டு, மலர்: ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பறை குறித்த ஒரு மதிப்பீடு

என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே ஆசிரியைகள். அறுபது பிள்ளைகள் வரை இருவர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்கிறார்கள். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை எடைபோட இப்படிப்பட்ட அறைதான் சரியான இடம் என்று கருதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் ஒரு பருவம் முழுவதும் அவ்வப்போது அங்கே உட்கார்ந்து கவனித்ததையும், மாலை வேளைகளில் மகளின் பயிற்சி நூலை அவளுடன் சேர்ந்து புரட்டியதையும் கொண்டே இதை எழுதுகிறேன்.

கொரோனாவால் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அதனால், ஒன்றாம் வகுப்பறையில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளைகள் 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அதே மாதம் 13ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் 2025க்குள் பிழையின்றி எழுதவும் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைக்கப்பட்ட இலக்கு. முதலில் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, 2023-24இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இதன் உயிர்நாடி பாட்டிலும் படத்திலும் இல்லை. பிள்ளைகளைப் பிரிக்கும் முறையில் இருக்கிறது. எந்த வகுப்பு என்று பாராமல், என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக அமர்த்துகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால் அவன் அரும்பில் அமர்ந்து, தனக்கு வேண்டியதைக் கற்கிறான். ஏற்கெனவே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் இதே நோக்கத்தைக் கொண்டதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு குழந்தையும் பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ‘ஏணிப்படி’ப் படத்தைப் பார்த்துத் தனக்குரிய பாட அட்டையை எடுத்துக்கொண்டு தன் போக்கில் போக வேண்டியிருந்தது. இதிலோ வகுப்பு முழுவதும் ஒரே கதையைக் கேட்ட பிறகே நிலைக்கேற்ற வேலைக்குப் பிரிகிறது. ஆசிரியையின் குரல் திரும்ப வந்திருப்பதை நான் பெரிய ஆதாயமாக எண்ணுகிறேன், ஏனெனில் வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லாத குழந்தைக்கு அந்தக் குரல்தான் முதல் புத்தகம்.

ஒரு நாள் கடன் வாங்கிக் கழித்தல் நடந்தது. கணக்கு, 42இலிருந்து 17. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சிகளும் ஒரு சிறுமியின் முன் வைக்கப்பட்டன. ஏழு குச்சி எடுக்கச் சொன்னதும் அவள் இரண்டை எடுத்துவிட்டு, கட்டுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை வாய் திறக்கவில்லை. பிறகு அவளாகவே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினாள். குச்சிகள் பாயில் சிதறின. “டீச்சர், பிரிச்சாத்தான் வரும்!” என்றாள். “பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு” என்ற வாய்பாட்டை ஒப்பித்தே வளர்ந்த எனக்கு, அந்த ஒன்று உண்மையில் பத்து என்பது அப்படிக் கண்ணெதிரே விளங்கியதே இல்லை.

தமிழும் கணக்கும் இவ்வாறு நன்றாகவே நடக்கின்றன. ஆங்கிலம் அந்த அளவுக்கு இல்லை. பாடல்களைப் பிள்ளைகள் அபிநயத்தோடு பாடுகிறார்கள், ஆனால் அதே சொல்லை வேறு பக்கத்தில் கண்டால் தடுமாறுகிறார்கள். பயிற்சி நூலின் படங்கள் தெளிவானவை, எழுதுவதற்கான இடந்தான் சில பக்கங்களில் சிறு விரல்களுக்குப் போதவில்லை.

குறை திட்டத்தின் கருத்தில் இல்லை, அதைத் தாங்க வேண்டிய ஆள்பலத்தில் இருக்கிறது. மூன்று நிலைகளுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்து, திருத்தி, வளரறி மதிப்பீட்டையும் (பாடம் நடக்கும்போதே அவ்வப்போது கற்றலை அளப்பது) செயலியில் பதிவேற்றுவது ஒருவருக்குச் சுமை. இணையவழி மதிப்பீடு கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடக்கம் முதலே சொல்லிவருவதில் நியாயம் இருப்பதை நேரில் கண்டேன். ஓர் ஆசிரியை பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழுகிறது; அன்றைக்கு நிலைகள் எல்லாம் கலைந்து, கரும்பலகையைப் பார்த்து எழுதும் பழைய வழக்கமே திரும்புகிறது. அப்படிப்பட்ட நாளில் மலர் நிலைப் பிள்ளைகள் தாமாகச் சமாளித்துக்கொள்கிறார்கள். இழப்பு முழுவதும் அரும்பில் இருப்பவர்களுக்கே, அதாவது யாருக்காக இது வகுக்கப்பட்டதோ அவர்களுக்கே.

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோருக்கு என் பரிந்துரை, ஒரு காலைப்பொழுது அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே. உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். ‘அரும்பு’ என்று பதில் வந்தால் அவமானமாக எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கடியாதீர்கள், அடுத்த நிலைக்குப் போக எது இடறுகிறது என்று கேளுங்கள். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில், ஓர் ஆசிரியர் வராத நாள்களில் ஒன்றியத்திலிருந்து மாற்று ஆசிரியர் அனுப்பப்பட வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே பதிவேட்டில் எழுதக் கேட்கவிருக்கிறேன்.