புதுச்சேரி கடற்கரைச் சாலை: நடை பழகும் வாண்டுகளோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தில் குழந்தை இஷ்டத்துக்கு ஓடலாம், தள்ளுவண்டியும் தடங்கலின்றி உருளும். கரையோரப் பாறைகள் பக்கம் மட்டும் விடவே விடாதீர்கள். பாசியில் வழுக்கும், இடுக்கில் கால் சிக்கும்.

மணலில் விளையாடச் சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். பெரியவர்களுடையது தலை வழியே நழுவிவிடும். காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் ஏறினால் மணல் பாதத்தைச் சுடும். அலை உள்ளே இழுக்கும் கரை இது. கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும், கைப்பிடியை விடக்கூடாது.

டயப்பர் விஷயத்தில்தான் பலரும் சிரமப்படுகிறார்கள். சாதாரண டயப்பர் கடல்நீரை உறிஞ்சி உப்பி, கனத்தில் கழன்றுவிடும். நீச்சல் டயப்பர் மலத்தைத் தடுக்கும், சிறுநீரைத் தேக்காது. எனவே தண்ணீரில் இறங்கும்போதுதான் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் கழற்றி, இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரில் தொடை இடுக்கைக் கழுவுங்கள். ஈர மணலைத் துண்டால் தேய்த்தால் தோல் சிவந்துவிடும்.