சகாமோத்தோ ரியோமாவைக் கோச்சியில் பார்ப்பதா, கியோட்டோவில் பார்ப்பதா?

சாமுராய் வரலாற்றில் ஆர்வம் வந்து ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்கள் சீக்கிரமே சகாமோத்தோ ரியோமாவிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர் பெயரில் ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு காட்சியகம் இருக்கிறது. ஆனால் உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, ஷிகோக்கு தீவின் கோச்சியில், கத்சுராஹாமா கடற்கரையை ஒட்டிய குன்றின் மேல் இருக்கும் ரியோமா நினைவு அருங்காட்சியகம். இன்னொன்று, கியோட்டோவின் ஹிகாஷியாமா மலைச்சரிவில் இருக்கும் ரியோசென் வரலாற்று அருங்காட்சியகம். நான் கோச்சி கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கியோட்டோ எங்கே முந்துகிறது என்பதையும் சேர்த்து.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1836இல் தோசா நாட்டில், அதாவது இன்றைய கோச்சிப் பகுதியில், கீழ்நிலை சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். 1862இல் தன் பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரை விட்டு வெளியேறினார். அந்தக் காலத்தில் அது பெருங்குற்றம். ஜென்மப் பகையாளிகளாக இருந்த சாத்சுமா, சோஷு என்ற இரண்டு சிற்றரசுகளையும் 1866இல் ஒன்றுசேர்க்க நடுவில் நின்றார். 1867 நவம்பரில் ஷோகன், அதாவது நாட்டை ஆண்டுவந்த ராணுவத் தலைவர், ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமே கியோட்டோவில் ஓமியா என்ற கடையின் மாடியில் ரியோமாவை வெட்டிக் கொன்றார்கள். உடனிருந்த தோழர் நகஓகா ஷிந்தாரோ இரண்டு நாள் கழித்து இறந்தார்.

கோச்சியின் பலம் கடிதங்கள். ரியோமா எழுதியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. அவற்றில் சிறந்தவை அக்கா ஒத்தோமேக்கு எழுதியவை. 1863இல் எழுதிய ஒன்றில் மனிதர் கொதிக்கிறார். ஷிமோனோசெகி நீரிணையில் சோஷு வீரர்களோடு மோதிச் சேதமான வெளிநாட்டுக் கப்பல்களை, ஷோகன் அரசின் அதிகாரிகளே எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) பழுது பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்ட கோபம். ஜப்பானை இன்னொரு தடவை துவைத்தெடுக்க வேண்டும் என்று எழுதியது அந்தக் கடிதத்தில்தான்.

பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி 1866 பன்னிரண்டாம் மாதம் எழுதிய கடிதத்தில் வேறு ஆளைப் பார்க்கலாம். மனைவி ஓரியோவுடன் கிரிஷிமா மலைப்பக்கம் போன கதை அது. மலையைக் கோட்டோவியமாக வரைந்து, எந்த வழியாக ஏறினோம், எங்கே கால் வழுக்கியது என்று குறித்திருக்கிறார். உச்சியில் நட்டிருந்த தெய்வீக ஈட்டியைக் கணவனும் மனைவியுமாகப் பிடுங்கிப் பார்த்து, அதில் இருந்த மூக்கு நீண்ட முகங்களைக் கண்டு சிரித்து, மறுபடி நட்டுவிட்டு இறங்கினார்களாம். இரண்டு ஆட்சிகளைச் சேர்த்துவைத்தவர் இப்படி அக்காவுக்குப் படம் போட்டுக் காட்டுகிறார் என்பதில்தான் எனக்கு ரியோமா பிடிபட்டார்.

இந்த இரண்டு கடிதங்களின் மூலமும் இருப்பது கோச்சியில் அல்ல, கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில். கோச்சியில் இவற்றுக்கு நகல்தான். நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோச்சியில் அந்தக் கடிதங்களை அவர் வாழ்க்கையின் வரிசையில் வைத்து, எந்தச் சூழ்நிலையில் யாருக்கு எழுதினார் என்று விளக்குகிறார்கள். 2018இல் திறந்த புதிய கட்டடத்தில் மூலப்பொருட்களையும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். 1991இல் கட்டிய பழைய கட்டடம் கடலை நோக்கி நீண்டு, கண்ணாடிக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலோடு முடிகிறது. கப்பல், வணிகம், கடற்படை என்று அலைந்தவரின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கோச்சியின் குறை, அது ஊர்ப்பிள்ளையைக் கொண்டாடும் இடம் என்பது. எதிராளிகள் அங்கே மங்கலாகத்தான் தெரிவார்கள். அவரைக் கொன்றவர்கள் யார், அவர்கள் எதைக் காப்பாற்றுவதாக நம்பினார்கள் என்ற கேள்விக்கு ரியோசென்தான் பதில் சொல்கிறது. புரட்சிக்காரர்களை வைக்கும் அதே கூரையின் கீழ், ஷோகன் தரப்பு வாள்படையான ஷின்செங்குமியையும் வைக்கிறார்கள். அந்தப் படையின் துணைத்தலைவர் ஹிஜிகாதா தோஷிசோவின் வாள்கூட அவர்களிடம் இருக்கிறது. முக்கியமான பொருள், ரியோமாவை வெட்டியதாகச் சொல்லப்படும் குறுவாள். மிமவாரிகுமி என்ற ஷோகன் காவல்படையைச் சேர்ந்த கத்சுரா ஹயனோசுகேவுடையது. தாழ்ந்த கூரையுள்ள மாடி அறையில் நீண்ட வாளை ஓங்க முடியாது; அந்த நீளத்தைக் கண்ணால் பார்த்தால் கொலை எவ்வளவு நெருக்கத்தில் நடந்தது என்று புரியும். கத்சுராவும் 1868இல் தோபா-ஃபுஷிமி போரில் செத்துப்போனார். வெளியே வந்தால் மலைச்சரிவில், நடக்கிற தூரத்தில் ரியோமாவும் நகஓகாவும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில்.

சரி, மூலப்பொருளே வேண்டும் என்பவர்களுக்கு? கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கொலை நடந்த அறையில் தொங்கிய பூ ஓவியம், கீழோரத்தில் ரத்தத் தெறிப்போடு இருக்கிறது. யோஷியுகி என்ற கொல்லர் செய்த ரியோமாவின் வாளும் அங்கேதான். 1913இல் ஹொக்கைடோ தீவின் குஷிரோவில் நடந்த தீ விபத்தில் அதன் வளைவே போய்விட்டது. ஆனால் இவையெல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது. 2016இல் அவர் மறைந்து 150 ஆண்டு நிறைவையொட்டி நடந்த சிறப்புக் கண்காட்சி மாதிரி ஒன்று அமைந்தால் தவறவே விடாதீர்கள். மற்ற நாட்களில் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

கியோட்டோவின் ஃபுஷிமியில் இருக்கும் தெராதயா விடுதியைப் பலர் பட்டியலில் முதலில் எழுதுகிறார்கள். 1866இல் ரியோமா கைத்துப்பாக்கியோடு தப்பிய இடம். பழைய கட்டடம் 1868 போரில் எரிந்துபோனது, இப்போது இருப்பது பிறகு கட்டியது என்று கியோட்டோ நகராட்சியே 2008இல் சொல்லிவிட்டது. வாள் வெட்டுத் தழும்பு என்று காட்டுவதை அந்தக் கணக்கோடு பாருங்கள். நாகசாகியில், ரியோமா தொடங்கிய கப்பல் வணிகக் குழுவான கமேயாமா ஷாச்சூவின் காட்சியகம் சின்னது. படிக்கட்டு ஏற மனமிருந்தால் போகலாம்.

ஒரே ஒரு நாள்தான், அதுவும் கியோட்டோவில்தான் என்றால் ரியோசென்னும் கல்லறையும் போதும். ஒகாயாமாவிலிருந்து கோச்சிக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம், அப்புறம் கடற்கரைக்குப் பஸ். அந்த நேரம் கையில் இருக்கிறவர்கள் கோச்சியை முதலில் பார்த்துவிட்டு ரியோசென் போங்கள். கடிதங்களைப் படித்த பிறகு அந்தக் குறுவாளைப் பார்ப்பது வேறு. எடுத்த எடுப்பில் பார்த்தால் அது வெறும் பழைய ஆயுதம்.