பாய்லருக்கு ஆக்சிஜன் ட்ரிம்: விற்பவர் சொல்வதும் கையில் நிற்பதும்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் பாய்லருக்கு ஆட்டோமேட்டிக் ஆக்சிஜன் ட்ரிம், அதாவது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து பர்னருக்குப் போகும் காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி, போட்டிருக்கிறோம். பொருள் நல்ல பொருள்தான், ஆனால் விற்க வந்தவர் சொன்ன 10 சதவீத எண்ணெய் மிச்சத்தை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம்.

புகையில் ஆக்சிஜன் 6 சதவீதம் இருந்தால், தேவைக்கு மேல் ஏறக்குறைய 40 சதவீதம் காற்றைச் சும்மா சூடாக்கிச் சிம்னி வழியே அனுப்புகிறோம் என்று அர்த்தம். அதை 3 சதவீதத்துக்கு இறக்கினால், சிம்னி 220 டிகிரியில் இருக்கும் பாய்லரில் எண்ணெய் ஒன்றரை சதவீதம் போல மிச்சமாகும். அவ்வளவுதான். இராப்பகலாக ஓடுகிற பாய்லருக்கு அதுவே பெரிய காசு.

எனக்குப் பிடித்தது வேறு. விடியற்காலை 24 டிகிரி, மதியம் 38 டிகிரி என்றால் அதே அளவு காற்றின் எடை நாலைந்து சதவீதம் குறைந்துவிடும், அதில் உள்ள ஆக்சிஜனும் குறையும், அதனால்தான் கையால் செட் செய்கிறவர்கள் மதியம் புகை வந்துவிடக் கூடாதே என்று எப்போதும் டேம்பரை (காற்று வரும் வழியின் தடுப்புத் தகட்டை) கொஞ்சம் கூடுதலாகவே திறந்து வைப்பார்கள். ட்ரிம் அந்த வித்தியாசத்தைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்கிறது.

ஆனால் மாட்டின விதம்தான் கொடுமை. வேலை சுலபம் என்று சென்சாரைச் சிம்னியில் உயரத்தில் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்மோக் பாக்ஸ் (சிம்னிக்குப் போகும் முன் புகை சேரும் அறை) கதவின் கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டை, வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது, சென்சார் அதையும் சேர்த்துப் படித்து "காற்று அதிகம்" என்கிறது, கண்ட்ரோலர் டேம்பரை மூடுகிறது, பர்னர் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்குகிறது. பாய்லர் ஆபரேட்டர் வெறுத்துப்போய் மேனுவலில் போட்டுவிட்டார். கேஸ்கெட்டை மாற்றி, சென்சாரைப் பாய்லரை விட்டுப் புகை வெளியேறும் இடத்துக்கே கொண்டுவந்த பிறகுதான் ஒழுங்காக ஓடியது. அதற்கும் தனி பில்!

அப்புறம், சர்வீஸ்காரர் புகையை அளக்கும் கைக்கருவி ஆக்சிஜன் 3.4 சதவீதம் என்று காட்டும்போது ட்ரிம்மின் பேனலில் 3 என்று இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். கைக்கருவி ஈரத்தை நீக்கிவிட்டு அளக்கிறது, புகைக்கு உள்ளேயே இருக்கும் ட்ரிம்மின் சிர்கோனியா (ஒரு வகைப் பீங்கான்) சென்சார் ஈரத்தோடு அளக்கிறது, இரண்டும் சரியே.

லிங்கேஜ் (எண்ணெய் வால்வையும் டேம்பரையும் இணைக்கும் கம்பிகள்) ஆடுகிற பழைய பர்னர் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடுகிற சின்ன பாய்லருக்கு இது வேண்டவே வேண்டாம், சர்வீஸ்காரரை ஒழுங்காக வரவழைத்து ட்யூன் செய்தாலே போதும். வாங்குவதாக இருந்தால் சென்சார் எங்கே உட்காரும் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், மாற்று சென்சாரின் விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.