மழைநாள் பேஸ்பால்: நீர்த்தடுப்புக் கேமராவா, மழையுறையா?

தோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் பெரும்பாலான இருக்கைகளுக்குக் கூரை கிடையாது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால்தான் ஆட்டம் செல்லுபடியாகும் என்பதால் சிறுதூறலுக்கு நிறுத்தமாட்டார்கள். கேமரா நெடுநேரம் நனையும். நீர்த்தடுப்புள்ள கேமராவை வாங்குவதா, இருக்கும் சாதாரணக் கேமராவுக்கு மழையுறை போடுவதா என்று எண்ணிப்பார்த்து, நான் உறையையே தேர்ந்தெடுத்தேன்.

விலையில் உறைக்குப் போட்டியே இல்லை. நீர்த்தடுப்புக் கேமராவிலோ பொத்தான்கள் நேரடியாக விரலுக்கு எட்டும். பந்தடித்தவர் முதல் பேஸை நோக்கிப் பாயும் நொடியில், உறைக்குள் ஜூம் வளையத்தைத் தேடும் தாமதம் படத்தையே பறித்துவிடக்கூடும்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. நீர்த்தடுப்பு என்பது பேட்டரி மூடி, கார்டு மூடி, லென்ஸ் பொருந்தும் வளையம் என ஒவ்வோர் இணைப்பிலும் உள்ள ரப்பர் பட்டைகளை நம்பியது. கேமராவுக்கு அந்தக் காப்பு இருந்து லென்ஸுக்கு இல்லையென்றால் நீர் அவ்வழியே புகும்; ஆகவே லென்ஸ்களையும் மாற்ற வேண்டிவரும். ஓஎம்-1 போன்ற சில கேமராக்களுக்கே தூசையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் குறிக்கும் ஐபி53 என்ற தரமதிப்பு அறிவிக்கப்பட்டுள்ளது, அதுவும் குறிப்பிட்ட லென்ஸ்களோடு சேரும்போதுதான். பெரும்பாலானவை எவ்வளவு மழையைத் தாங்கும் என்பதற்கு அளவுகோலே இல்லை. ரப்பர் நாளடைவில் இறுகித் தளர்வதும் வெளியே தெரியாது, நீர் புகுந்த பழுதுக்குப் பொதுவாக உத்தரவாதமும் செல்லாது. உறை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். அன்றே வேறொன்று வாங்கிவிடலாம்.

உறைக்கும் பராமரிப்பு உண்டு. ஜூன், ஜூலை மாதப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்குவதால், வீடு திரும்பியதும் உறையைக் கழற்றிக் கேமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் உலரவைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை படரக்கூடும். முன்கண்ணாடியை இரண்டுமே காப்பதில்லை. அதற்கு லென்ஸின் முனையில் மாட்டும் நீளமான ஹூட் என்ற மறைப்பு வேண்டும்.

ஜிங்குவைச் சொந்த மைதானமாகக் கொண்ட யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி ரன் எடுக்கும்போது ரசிகர்கள் சிறுகுடைகளை அசைத்துப் பாடுவார்கள். விளக்கொளிக்கு எதிரே, இருண்ட பின்னணியில், 1/125 நொடியில் எடுத்தால் மழை கோடுகளாகவும், 1/1000 நொடியில் துளிகளாகவும் அவர்களைச் சூழ்ந்து நிற்கும். இத்தகைய படங்களுக்கு உறை ஒரு தடையே அல்ல.

என் அனுபவம் தூறலுக்கும் மிதமான மழைக்கும் உட்பட்டது. களத்தோரம் நின்று, காற்றோடு அடிக்கும் சாரலில் அடிக்கடி லென்ஸ் மாற்றிப் பிழைப்புக்காகப் படமெடுப்பவர்களுக்கு நீர்த்தடுப்புக் கேமராவே பொருத்தமாக இருக்கலாம்.