துணிக்கொடிக்கு மேலே சோலார்: ஓர் அடுக்ககப் பொருளாளரின் மதிப்பீடு

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் அடுக்ககம். 16 வீடுகள், நான்கு மாடி, ஒரு லிப்ட், ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு மோட்டார், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற இன்னொன்று. சங்கத்தின் பொருளாளர் நான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்தக் கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்தது. மொட்டை மாடியில் உயர்த்திய சட்டத்தின் மேல் 6.5 கிலோவாட் சோலார் அமைத்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டோம். இடநெருக்கடியில் இருக்கும் மற்ற குடியிருப்புகளுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் பொது இணைப்புக்கு? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டு. லிப்டும் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஓடும் பொது இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. மொட்டை மாடியோ பதினாறு பேருக்கும் பிரிக்கப்படாத பங்கு. அதை ஆளுக்கு ஒரு துண்டாக அளந்து வீட்டுக்கு வீடு பேனல் வைக்க ஆரம்பித்தால், இடமும் போதாது, சண்டையும் ஓயாது. விலை அதிகமான மின்சாரம் எதுவோ அதற்கு, எல்லோருக்கும் சொந்தமான இடத்தைக் கொடுப்பதுதான் நியாயம் என்று பொதுக்குழுவில் வாதாடினேன். முதல் தளத்தில் இருப்பவர், “நான் லிப்டில் ஏறுவதே இல்லையே, பொருளாளர் அம்மா, எனக்கு இதில் என்ன லாபம்?” என்று கேட்டார். “உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை மேலே ஏற்றுவது எந்த மின்சாரம், சார்?” என்றேன். அதன்பின் அவர் கையெழுத்துப் போட்டார்.

இடம்தான் பெரிய கேள்வியாக இருந்தது. தரையோடு தாழ்வாக வைத்தால், ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் மாடியில் லிப்ட் அறை, படிக்கட்டு அறை, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், டிஷ் ஆன்டெனாக்கள், மேற்கே பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எல்லாவற்றையும் கழித்தால் நல்ல வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று. துணிக்கொடிகள் இருப்பதும், கோடையில் வடாம் பிழிவதும் அங்கேதான். அதைப் பேனலுக்கு விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை, நானும்தான். ஆகவே ஒன்பது அடி உயரத்தில் சட்டம் போட்டு, 540 வாட் பேனல் பன்னிரண்டை நெருக்கமாகப் பந்தல் போலப் பரப்பினோம். ஒரு பேனல் ஏறக்குறைய 28 சதுர அடி. மொத்தமும் 350 சதுர அடிக்குள் அடங்கிவிட்டது. கீழே எட்டுக் கால்கள் மட்டும்.

சோலார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பேனலின் பிராண்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அடுக்ககத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது இரும்புச் சட்டத்தை. இந்தியத் தரநிர்ணயத்தின்படி சென்னையில் கட்டமைப்புகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று எங்கள் தெருவில் தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவள் நான். ஒன்பது அடி உயரத்தில் விரித்து வைத்த பேனல் கீழிருந்து தூக்கும் காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்க வேண்டும்.

முதலில் விலை சொன்ன நிறுவனம் தட்டோட்டைத் துளைத்து, போல்ட்டால் கால்களை இறுக்கிவிடலாம் என்றது. தட்டோட்டுக்குக் கீழே இருப்பது சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட அடுக்கு. அதில் ஒரு துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் மேல்மாடி வீட்டுப் படுக்கையறையில் ஒழுகும். நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்து, தூண்கள் மேலே வந்து முடியும் இடங்களில் மட்டும் தட்டோட்டை எடுத்து, தூண் தலையில் கம்பி நட்டுச் சிறிய கான்கிரீட் பீடங்கள் எழுப்பினார்கள். பீடத்தைச் சுற்றி நீர்க்கசிவுத் தடுப்பு பூசி, தட்டோட்டைத் திரும்பப் பதித்தார்கள். பாரம் தூணுக்கு நேராக இறங்குகிறது, தளத்துக்கு அல்ல. கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழும் கொடுத்தார்கள். இந்த மழைக்காலத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்த ஒரு வேலைக்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மதிப்பெண் குறைத்தது ஓர் இடத்தில். கடலோரம் என்பதால் முழுச் சட்டமும் ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ததாக இருக்க வேண்டும், துத்தநாகப் பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையக்கூடாது, மாடியில் வெல்டிங் கூடாது, எல்லா இணைப்பும் போல்ட்டால் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். வடகிழக்கு மூலையில் ஒரு குறுக்குச் சட்டம் அளவு குறைந்துபோக, அங்கேயே ஒரு துண்டைப் பற்றவைத்து மேலே வெள்ளிப் பூச்சு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை முடிந்ததும் ஏறிப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்க, அந்த மூட்டில் மட்டும் விரல் அகலத்துக்குத் துரு, அதிலிருந்து பழுப்புக் கோடாகக் கால் வரை வழிந்திருக்கிறது. புகைப்படம் அனுப்பியதும் அந்தச் சட்டத்தை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்னும் மாற்றவில்லை.

இடம் மிச்சமாகும் என்று சொல்லி தெற்குச் சுவரிலும் பால்கனிக் கம்பியிலும் செங்குத்தாகப் பேனல் தொங்கவிடும் யோசனையையும் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தார். ஜெர்மனியில் அது பரவலாக இருக்கிறது. 2024 மே முதல் 800 வாட் வரையிலான இன்வெர்ட்டரோடு (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) பால்கனியில் மாட்டிக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. அந்த நாட்டில் சூரியன் தாழ்வாகப் போகிறது, செங்குத்துப் பேனலுக்கும் வெயில் கிடைக்கும். சென்னை இருப்பது 13 பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் கொளுத்தும் அந்த உச்சி நேரத்தில் தெற்குச் சுவரில் நேர்வெயிலே விழாது. இங்கே வெயில் விழுவது மாடியில்தான். நம் ஊர் அடுக்ககங்களுக்கு அந்தப் பால்கனி யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிழல் விஷயத்தில் கவனமாகச் செய்திருக்கிறார்கள். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியும் அடிவாங்கும். மாலையில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் மேற்கு ஆறு பேனல்களைத்தான் முதலில் தொடும் என்பதால், அவற்றைத் தனி வரிசையாகவும் கிழக்கு ஆறைத் தனி வரிசையாகவும் இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் படிக்கட்டு அறையின் உட்சுவரில் நிழலில் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 26 யூனிட்டைத் தாண்டுகிறது, கார்த்திகை மேகத்தில் பத்துக்குக் கீழே இறங்குகிறது.

இந்த மின்சாரத்தை உற்பத்தியாகும் நேரத்திலேயே செலவழிப்பது நல்லது. எங்கள் காவலாளி விடியற்காலையில் மோட்டார் போடுவார். இப்போது டைமர் வைத்து இரண்டு மோட்டாரையும் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையே ஓடவிட்டிருக்கிறோம். மேல்தொட்டி நிறைந்துவிடுகிறது, காவலாளிக்கும் ஒரு வேலை குறைந்தது. எதிர்பாராத நன்மை, மேல்மாடி வடக்கு வீட்டுக்காரருக்கு. பந்தலின் நிழல் அவர் கூரை மேல் விழுவதால் இரவில் அறையின் சூடு தணிந்திருக்கிறது என்று மே மாதமே வந்து சொன்னார்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. தெருவில் மின்சாரம் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது, குறையல்ல. ஆனால் மின்வெட்டில் லிப்ட் ஓடும் என்று நம்பி யாரும் பணம் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லவில்லை.

இரண்டாவது, துடைப்பது. காக்கை எச்சமும் கடற்காற்றின் உப்பும் சாலைப் புழுதியும் சேர்ந்து பேனலில் மேலாடை போலப் படிகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டுகள் நிற்கின்றன, சுரண்டினாலும் போவதில்லை. மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியத் தண்ணீர்) வாளியில் எடுத்து, வெயில் ஏறுமுன் மென்மையான துடைப்பானால் துடைக்க வேண்டும். ஒன்பது அடி உயரத்தில் அதைச் செய்ய, பேனல் வரிசைகளுக்கு நடுவே நடைபாதையும் கைப்பிடியோடு நிலையான ஏணியும் அவசியம். விலைப்பட்டியலில் இவை இரண்டும் இல்லை! கேட்டபிறகு தனியாக 38,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மனிதரைச் சாய்வு ஏணியில் நான்கு மாடிக்கு மேலே ஏறவிட்டுத் துடைக்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இதை உயர்த்திய அமைப்பின் விலையோடு சேர்த்தே நிறுவனங்கள் சொல்ல வேண்டும்.

செலவு, நடைபாதையும் ஏணியும் சேர்த்து 5 லட்சத்து 20 ஆயிரம். மத்திய அரசின் கூரைச் சோலார் திட்டமான பிஎம் சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. எங்களுக்கு ஒரு லட்சத்து 16 ஆயிரத்துச் சொச்சம். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். பொது மின்கட்டணத்தில் ஆண்டுக்கு எழுபதாயிரத்தை ஒட்டி மிச்சமாகிறது, ஆறு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் 10 வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்கட்டணத்தை 2023இல் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 பைசாவாகக் குறைத்தார்கள். அத்தகைய சிறிய கட்டடம் உங்களுடையது என்றால் இவ்வளவு பெரிய சட்டம் கட்டிவராது.

அமைப்புக்கு ஐந்துக்கு நாலரை, விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு மூன்று கொடுக்கிறேன். வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருதிசை மீட்டர் ஓடத் தொடங்கி, நடைபாதையும் ஏணியும் பொருத்தி, ஒவ்வொரு மூட்டையும் நீங்களே ஏறிப் பார்க்கும் வரை பத்து சதவீதப் பணத்தைக் கையில் நிறுத்தி வையுங்கள். எங்கள் வடகிழக்கு மூலைச் சட்டம் மாறிய மறுநாள்தான் நான் அந்தக் காசோலையில் கையெழுத்துப் போடுவேன்.