முழுதும் சுரண்டுவதா, ஒரு பகுதியோடு நிறுத்துவதா?

அன்றைய கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சுகாதார அருங்காட்சியக மாடிப்படிச் சுவரில் 1956இல் ஒரு மாணவர் தம் பட்டப்படிப்புக்காக ஓவியம் தீட்டினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கெர்ஹார்ட் ரிக்டர்தான் அவர். 1961இல் அவர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப் போனார். 1979இல் ஓவியத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட சுவரை முழுதும் திறந்தால் ஓவியம் ஓவியமாகத் தெரியும். ஆனால் அறுவைக் கத்தி முனையால் அங்குலம் அங்குலமாகச் சுரண்ட வேண்டும். செதிலாக உரியும் வெள்ளையோடு அடிவண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்தால், போனது போனதுதான். பணமும் பொறுமையும் தனிக் கணக்கு.

2024இல் டிரெஸ்டனில் ஒரு பகுதியை மட்டும் திறந்தார்கள். காட்சி அறுபடுகிறது, உண்மைதான். ஆனாலும் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது: மிச்சமிருக்கும் வெள்ளை, மறைத்த கையையும் காட்டிக்கொடுக்கிறது, அடியில் இருப்பதும் பத்திரமாக இருக்கிறது.

ஈரம் ஏறி மேல்பூச்சு தானாக உப்பும் சுவர் என்றால் கதை வேறு. அங்கே தாமதித்தால், விழுகிற பூச்சு ஓவியத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.