தஞ்சாவூர் சின்னக் கோட்டை: பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

தஞ்சாவூர் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டியதும் அரண்மனைக்கு ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். கோயிலே சின்னக் கோட்டை என்ற ஒரு கோட்டைக்குள்தான் நிற்கிறது. அதே மதிலுக்குள் சிவகங்கைக் குளமும், 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் சர்ச்சும் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்க்க அரை நாள் வேண்டும்.

புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினால் டவுன் பஸ்ஸில் பழைய பேருந்து நிலையம் வந்துவிடுங்கள்; அங்கிருந்து நடை தூரம். ரயிலில் வந்தால் ஜங்ஷனிலிருந்து ஷேர் ஆட்டோ போதும்.

நேராக உள்ளே போகாமல், முதலில் அகழியோரம் கொஞ்சம் நில்லுங்கள். இந்த மதிலும் அகழியும் ராஜராஜன் காலத்தவை அல்ல, நாயக்கர் காலத்தவை. கோயில் எழுந்தது 1010-இல். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் இந்தக் கோட்டை. ஊரைச் சுற்றியிருந்த பெரிய கோட்டையில் மிஞ்சியது குறைவு. கீழ அலங்கம், மேல அலங்கம் (அலங்கம் என்றால் கோட்டை மதில்) என்று தெருப் பெயரில்தான் இன்று அதைத் தேட வேண்டும். சின்னக் கோட்டையில் மதில், கொத்தளம், அகழி மூன்றையும் இன்னும் ஒரே பார்வையில் பார்க்கலாம். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை தஞ்சையை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1773-இல் ஆற்காட்டு நவாபுக்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தே விட்டது. கோயிலில் படையும் தளவாடமும் இருந்த காலமும் உண்டு. தெற்குப் பக்கம் ஓடும் புதாறு என்ற கல்லணைக் கால்வாய் 1930-களில் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. அதை அகழி என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

கருவறை நடை காலை 6 முதல் 12.30 வரை, மாலை 4 முதல் 8.30 வரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் விமானத்தை முன்னாலிருந்து படம் எடுக்கக் காலை 8-க்குள் வர வேண்டும்; மாலையில் எடுத்தால் முகப்பு கறுத்துத்தான் விழும். பலரும் சொதப்புவது பதினொரு மணிக்கு வந்து சேருவதில்தான். செருப்பை வெளியே விட்டாயிற்று, முற்றத்துக் கல்லோ தோசைக்கல். விரித்திருக்கும் கயிற்றுப் பாயை விட்டு இறங்க முடியாது, அதனால் பக்கச் சுவர்களைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதாகிறது. கனமான சாக்ஸ் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். பிரதோஷத்தன்று மாலை வந்தால் நந்தி அபிஷேகம் பார்க்கலாம், கூட்டத்தில் கோயிலைப் பார்க்க முடியாது.

முதலில் மராட்டியர் வாயில், அடுத்து கேரளாந்தகன் வாயில், அதற்கும் உள்ளே ராஜராஜன் வாயில். இந்த மூன்றாவது வாயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். துவாரபாலகர் காலடியில் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் வாயைக் குனிந்து பாருங்கள், ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை பாம்பின் வாய்க்குள், அந்தப் பாம்பு காவலனின் காலடியில். அப்படியானால் காவலன் எவ்வளவு பெரியவன், அவன் காக்கும் சாமி எவ்வளவு பெரியவர் என்று கணக்கு உங்களிடமே விடப்பட்டிருக்கிறது.

விமானம் ஏறக்குறைய 66 மீட்டர். நிழல் தரையில் விழாது என்று சொல்லும் கைடை மாலை 5 மணிக்கு முற்றத்துக்குக் கூட்டி வாருங்கள், நிழல் நந்தி பக்கமாக நீண்டு கிடக்கும். உண்மையான அதிசயம் அடித்தளத்துக் கல்வெட்டுகளில் இருக்கிறது. தான் கொடுத்தது, அக்கன் (அக்கா குந்தவை) கொடுத்தது, பெண்டுகள் (மனைவியர்) கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன மன்னன் ராஜராஜன். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயரும் ஊரும் வீட்டு வரிசையோடு கல்வெட்டில் உண்டு. ஆளுக்குப் பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருவாரூர், பழையாறு என்று நம் பக்கத்து ஊர்கள் வரிசையாக வரும். கருவறையைச் சுற்றிய உள்நடையிலுள்ள சோழர் ஓவியங்களுக்குப் பொதுமக்களை விடுவதில்லை; வளாகத்துக் காட்சிக்கூடத்தில் இருக்கும் படங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

வெளியே வந்து வடக்கே திரும்பினால் சிவகங்கைப் பூங்கா. அதையொட்டித்தான் சர்ச். உயரம் இல்லை, பூ வேலை இல்லை, தடித்த வெள்ளைச் சுவர், அவ்வளவே. கோயிலின் பிரம்மாண்டத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பளிங்குச் சிற்பத்துக்காகவே வரலாம். 1798-இல் இறந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் நினைவாகத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் செய்யச் சொல்லி வரவழைத்தது. படுக்கையில் பாதிரியார், அருகில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கும் மன்னர். இந்து அரசன் லுத்தரன் சபைப் பாதிரியாருக்கு வைத்த கல், ராஜராஜன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில்!

ஒரே சிக்கல், ஆராதனை இல்லாத நேரத்தில் சர்ச் பூட்டியிருப்பது உண்டு. ஞாயிறு காலை ஆராதனை முடியும் நேரத்துக்கு அங்கே இருப்பதுபோல் திட்டமிடுங்கள்: ஆறு மணிக்குக் கோயில், பிறகு டிபன், பிறகு சர்ச். அங்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுக்கலாமா என்று சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டி வந்தால் பூங்காவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் அங்கே விட்டால் மதிலும் கல்வெட்டும் அன்றைக்குக் கிடையாது.